மறுக்கப்பட்ட மாணவன் அமைத்த மடம்

கல்வியின் பொருட்டுக் கடல் கடப்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. மருத்துவம் பயிலவும், பொறியியல் பயிலவும், கணக்கியல் பயிலவும் எனச் சென்றவர்கள் யாழ்ப்பாணத்தில் தெருவுக்குச் சிலராவது இருப்பர். அவர்கள் பெற்றதும் பெற விரும்பியதும் படிப்பதற்கான புலமைப்பரிசில். படித்து முடித்தவர்க்கென்றே அமைந்த வேறொரு வகைப் பரிசிலும் உலகில் உண்டு என்பதை நம்மிற் பலர் அறியார். கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவரை அழைத்து, எழுதுவதற்கு ஓர் அறையும், நூல்நிலையத்தின் திறப்பும், மாதந்தோறும் செலவுக்குப் பணமும் கொடுத்து, “ஓராண்டுக்கு உமது ஆராய்ச்சியை மட்டும் கவனியும், வகுப்பு எடுக்கவும் வேண்டாம், பரீட்சைத் தாள் திருத்தவும் வேண்டாம்” என்று சொல்லும் இல்லங்கள் சில இருக்கின்றன. தாள் திருத்திக் கண் பூத்துப்போன என் போன்ற ஆசிரியர்க்கு இது தேவலோகத்துச் செய்தியாகவே தோன்றும்.

இத்தகைய உறைவிட ஆராய்ச்சிப் புலமைப்பரிசில்கள் பல துறைகளில் உள. எனினும் கலைவரலாற்றுத் துறையில் அவை ஆழ வேரூன்றியமைக்குத் தக்க காரணம் உண்டு. கணித அறிஞர் தம் கடதாசியும் பென்சிலும் கொண்டு எங்கிருந்தும் உழைக்கலாம். கலைவரலாற்று அறிஞர் ஆராயும் பொருளோ ஓரிடத்தில் அசையாது நிற்கின்றது. கோயிற் சுவரிலே தீட்டிய ஓவியம் தன்னை ஆராய்பவனைத் தேடி வருவதில்லை. அவனே அதனைத் தேடிப் போக வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டு வருவதும் போதாது. காலை வெளிச்சத்தில் ஒன்றும் மாலை வெளிச்சத்தில் வேறொன்றும் காட்டுவது சுவரோவியம். பக்கத்திலே குடியிருப்பவன் காண்பதை, ஒரு பகற்பொழுதில் வந்து போகும் பயணி காண்பதில்லை.

இவ்வில்லங்களுள் பெயர் பெற்ற ஒன்று இத்தாலி நாட்டிலே, புளோரன்ஸ் நகரின் கிழக்கே, செத்திஞ்ஞானோ என்னும் ஊரை அடுத்த மலைச்சரிவில் இருக்கின்றது. ஒலிவ மரங்களும் முந்திரிகைக் கொடிகளும் சூழ்ந்த பழைய மாளிகை அது. பெயர் வில்லா ஈ தாத்தி. இன்று அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்துக்கு உரிய இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஆராய்ச்சி நிலையமாக அது விளங்குகின்றது. ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினைந்து ஆராய்ச்சியாளர் அங்கே முழு ஆண்டுக்குத் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். கலைவரலாற்று அறிஞரோடு சரித்திரம், இலக்கியம், இசை, விஞ்ஞான வரலாறு ஆகியவற்றை ஆராய்வோரும் அவருள் அடங்குவர். பகலிலே எல்லாரும் ஒரே மேசையிலிருந்து உண்ணுவது அவ்விடத்து மரபு. மிக்கேலாஞ்சலோவை ஆராய்பவர் ஒருபுறமும், அக்காலத்துப் பட்டு வாணிபத்தின் கணக்கேடுகளை ஆராய்பவர் மறுபுறமும் இருந்து உண்ணும்போது, நூலில் அகப்படாத விடை பாண் துண்டோடு அகப்படுவதும் உண்டாம்.

இந்த மாளிகையை அறிஞர்க்கு விட்டுச் சென்றவரின் கதை, விண்ணப்பம் எழுத முனையும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கதையாகும்.

பேர்னாட் பெரன்சன் 1865ஆம் ஆண்டு லித்துவேனியாவிலே, வில்னா நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில், ஏழை யூதக் குடும்பத்திற் பிறந்தார். 1875இல் குடும்பம் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிற் குடியேறிற்று. தந்தையார் சாமான்களைச் சுமந்து ஊரூராய்த் திரிந்து விற்றுப் பிழைத்தார். மகனோ பொது நூல்நிலையத்திலே கிடந்து வளர்ந்தான். ஹாவாட்டிற் சேர்ந்து 1887இற் பட்டம் பெற்றான். ஐரோப்பா சென்று மேலும் பயில வேண்டும் என்பது அவன் ஆசை. பல்கலைக்கழகம் வழங்கிய பிரயாணப் புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பித்தான். கிடைக்கவில்லை. அக்காலத்து ஹாவாட்டிலே கலைவரலாறு கற்பித்த பேராசிரியர் சார்ல்ஸ் எலியட் நோர்ட்டன் அவனிடத்தில் நம்பிக்கை வைக்கவில்லை என்பர்.

விண்ணப்பம் மறுக்கப்பட்ட இளைஞனைக் கைவிடாது சில நண்பர்கள் தமக்குள் பணம் சேர்த்து அவனைக் கப்பலேற்றினார்கள். அவர்களுள் ஒருவர் பொஸ்டன் நகரத்துச் செல்வச் சீமாட்டி இசபெல்லா ஸ்டுவாட் கார்ட்னர். சில ஆண்டுகளில் அந்த உதவிக்குப் பதிலுதவி வந்தது. தித்தியன் தீட்டிய ‘ஐரோப்பா’ என்னும் பேரோவியத்தை 1896இல் அவ்வம்மையார் வாங்குவதற்கு வழிகாட்டியவர் பெரன்சனே. இன்றும் பொஸ்டனிலுள்ள கார்ட்னர் அரும்பொருட்சாலையில் அந்த ஓவியம் இருக்கின்றது.

பெரன்சன் கைக்கொண்ட முறை நம் மாணவர்க்குச் சுவை தரும். ஜியோவன்னி மொரெல்லி என்னும் இத்தாலியர் வகுத்த வழி அது. மொரெல்லி வைத்தியம் பயின்றவர். ஓவியன் ஒருவன் முகத்தையும் கண்ணையும் கவனத்தோடு தீட்டுகிறான். அங்கே அவன் பிறரைப் பார்த்து எழுதவும் கூடும். காதின் மடலையும் விரல் நகத்தையும் தீட்டும்போதோ கை தன் வழக்கப்படி ஓடுகின்றது. ஆகவே ஓவியன் யாரென்று அறிய வேண்டுமானால் காதைப் பார், நகத்தைப் பார் என்பது அவர் கொள்கை. கையெழுத்தைக் கண்டு மாணவனை இனங்காணும் ஆசிரியர்க்கு இது விளங்காத வித்தையன்று. இம்முறையைக் கொண்டு, இத்தாலியச் சிற்றூர்க் கோயில்களிற் பெயரறியாது கிடந்த நூற்றுக்கணக்கான படங்களைப் பெரன்சன் நேரிற் சென்று பார்த்து, இன்னாருடையது இஃது எனப் பட்டியல் எழுதினார். புளோரன்ஸ் ஓவியர்களின் வரைபடங்கள் பற்றி 1903இல் அவர் வெளியிட்ட பெருநூலுக்கு ஆராய்ச்சியாளரிடையே இன்றும் மதிப்புண்டு.

ஆனால் அவர் வாழ்க்கை முழுவதும் வெண்மையானதன்று. 1912 முதல் 1937 வரை டுவீன் என்னும் பெரிய கலைப்பொருள் வியாபாரியோடு அவர் மறைவான உடன்படிக்கை செய்திருந்தார். அவர் நன்றென்று சான்று கூறிய படம் விலை போனால் இலாபத்தில் அவருக்கும் பங்கு உண்டு. தராசைப் பிடிப்பவனே விற்பனையிலும் பங்கு பெற்றால் தராசின் முள்ளை யார் நம்புவது? இக்கேள்வியை அவர் வாழ்ந்தபோதே கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். கேட்பது நியாயமே என்பது என் எண்ணம். அந்தப் பணத்திலேதான் நூல்களும் நிழற்படங்களும் அந்த மலைச்சரிவிலே சேர்ந்தன என்பதும் மறைக்க முடியாத உண்மை.

1900ஆம் ஆண்டு ஈ தாத்தியில் வாடகைக்குக் குடிபுகுந்த பெரன்சன் 1907இல் அதனை விலைக்கு வாங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1944 வரை, யூதராய்ப் பிறந்த அம்முதியவர் தம் வீட்டில் இருக்க முடியாது நண்பரொருவர் வீட்டில் மறைந்து வாழ நேர்ந்தது. போர் முடிந்தபின் மீண்டும் வந்து, 1959 ஒக்டோபர் மாதத்தில், தமது 94ஆம் வயதிற் காலமானார். மாளிகை, தோட்டம், நூல்கள், படங்கள் யாவற்றையும் ஹாவாட்டுக்கே எழுதி வைத்தார். எந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு சிறு புலமைப்பரிசிலை மறுத்ததோ அதற்கே! துறவு பூணாத அறிஞர்கள் அவசரமின்றிக் கற்று வாழும் ஒரு மடமாக அது அமைய வேண்டும் என்பது அவர் கனவு. முதல் ஆராய்ச்சியாளர் குழு 1961இல் அங்கே கூடிற்று.

வீடற்ற படங்கள்

அம்மாளிகைச் செல்வங்களுள் நிழற்படச் சேகரிப்பைப் பற்றிச் சிறிது சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் நிழற்படங்கள் அங்கே பேணப்படுகின்றன. அவற்றுட் பலவற்றின் பின்புறத்திலே பெரன்சனும் அவர் மனைவியார் மேரியும் எழுதிய குறிப்புக்கள் உள. அவற்றில் ஒரு பகுதியை அவர் ‘வீடற்றவை’ என்று வேறாக ஒதுக்கி வைத்தார். நிழற்படம் இருக்கின்றது, ஆனால் மூல ஓவியம் இப்போது எங்கே இருக்கின்றது என்று தெரியாது. ஏலத்தில் விலைபோயிருக்கலாம், எரிந்திருக்கலாம், யாரோ ஒரு கனவான் வீட்டுப் படிக்கட்டின் மேலே பெயரின்றித் தொங்கலாம். 1929 முதல் 1932 வரை இத்தாலியச் சஞ்சிகையொன்றிலே இப்படங்களைப் பற்றி அவர் தொடர்ந்து எழுதினார், கண்டவர் சொல்லட்டும் என்று. காணாமற் போன பிள்ளையின் படத்தைப் பத்திரிகையில் வெளியிடுவது போன்ற செயல் அது. இன்றும் ஈ தாத்திக்கு வரும் ஆராய்ச்சியாளர் அப்பெட்டிகளைத் திறந்து பார்க்கின்றனர்; அவ்வப்போது ஒரு படத்துக்கு வீடு கிடைக்கின்றது.

சில ஓவியங்களின் கதை இதனினும் வியப்பானது. சஸ்ஸெத்தா என்னும் சியேனா நகரத்து ஓவியர் 1437இல் ஒப்பந்தம் செய்து 1444இல் முடித்துக் கொடுத்த பெரிய பீடப்படம் ஒன்று, பின்னாளிற் பலகை பலகையாகப் பிரிக்கப்பட்டு உலகெங்கும் சிதறிப்போயிற்று. புனித பிரான்சிசுவின் வாழ்க்கையைக் காட்டும் ஏழு பலகைகள் இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள. ஒன்று பிரான்சிலே ஷான்ரியி மாளிகையில் உளது. பெரன்சன் வாங்கிய பலகைகள் ஈ தாத்தியில் உள. இவற்றின் அளவு, மரத்தின் ரேகை, பின்புறத்து ஆணித் தழும்பு ஆகியவற்றை ஒப்பிட்டு, முழுப் பீடப்படமும் எவ்வாறு நின்றிருக்கும் என்று பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து ஆராய்ந்தனர். 2009இல் ஈ தாத்தி வாயிலாக அவ்வாராய்ச்சி நூலாக வெளிவந்தது. மர ரேகையை ஒப்பிட ஒரு கலாநிதிப் பட்டமா என்று சிரிப்பவர் இருப்பர். சிரிக்கட்டும். ஐந்நூறு ஆண்டுக்கு முன் ஒரு சிற்றூர் மக்கள் கண்டு கைகூப்பிய காட்சியை நமக்கு மீட்டுத் தருவது அந்த ரேகைதான்.

பிற இல்லங்கள்

உரோமாபுரியிலே சுக்காரி மாளிகை என்று ஒன்று உண்டு. அதன் தோட்டத்து வாயில், வாய் பிளந்த பூதத்தின் முகமாய் அமைந்தது. உள்ளே புகுவோர் அதன் வாய்க்குள்ளேதான் புக வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அதனைக் கட்டியவர் பெதெரிக்கோ சுக்காரி என்னும் ஓவியர். தொலைநாடுகளிலிருந்து வரும் ஏழை இளம் ஓவியர்க்குத் தம் வீட்டின் ஒரு பகுதி தங்குமடமாக வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த விருப்பம் அக்காலத்தில் நிறைவேறவில்லை. மூன்று நூற்றாண்டு கழித்து, ஹென்றியெற்றா ஹேர்ட்ஸ் என்னும் ஜேர்மானியப் பெண்மணி அம்மாளிகையை வாங்கி, 1913இற் கலைவரலாற்று ஆராய்ச்சிக்கென்று விட்டுச் சென்றார். பெண்ணொருத்தியின் தருமத்தால் ஓவியனின் எண்ணம் வேறொரு வடிவில் நிறைவேறிற்று எனலாம். ஹேர்ட்சியானா நூல்நிலையம் என்று இன்று வழங்குவது அதுவே.

புளோரன்சிலேயே 1897 முதல் ஜேர்மானியரின் கலைவரலாற்று நிலையம் ஒன்று இயங்கி வருகின்றது. வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் 1979இல் உயராராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கெற்றி நிறுவனம் ஆண்டுக்கு ஆண்டு ஒரு பொதுப்பொருளை அறிவித்து, அப்பொருளோடு ஒட்டிய ஆராய்ச்சிகளுக்கு இடமளிக்கின்றது. இப்பட்டியலை நீட்டுவதிற் பயனில்லை. இலண்டனிலுள்ள வார்பேர்க் நிலையத்தைப் பற்றி மாத்திரம் சொல்லி அமைவேன்.

ஹாம்பேர்க் நகரத்து வங்கிக் குடும்பத்திலே 1866இற் பிறந்தவர் அபி வார்பேர்க். மூத்த மகனாகிய அவர் பதின்மூன்று வயதில், வங்கியின் உரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகத் தாம் கேட்கும் புத்தகமெல்லாம் வாங்கித் தரும்படி வாக்குப் பெற்றார் என்பது அக்குடும்பத்தில் வழங்கும் கதை. தம்பி வாக்குத் தவறவில்லை. அவ்வாறு சேர்ந்த நூல்நிலையத்திலே புத்தகங்கள் பெயர் வரிசையில் அடுக்கப்படுவதில்லை. பொருளுறவு பார்த்து அடுக்கப்படுகின்றன. நீர் தேடி வந்த நூலைவிட அதன் பக்கத்து வீட்டு நூலே உமக்கு வேண்டியதாய் இருக்கும் என்பது அவர் கொள்கை. நாசியர் ஆட்சிக்கு வந்ததும், 1933 டிசெம்பரில், ஏறத்தாழ அறுபதினாயிரம் நூல்கள் இரண்டு கப்பல்களில் ஏற்றப்பட்டு இலண்டனுக்குத் தப்பி வந்தன. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த நூல்நிலையத்தின் நினைவைச் சுமந்து வாழும் ஊரவர் நாம். அந்த இரு கப்பல்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு எழும் உணர்ச்சியை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

விண்ணப்பம் என்னும் கலை

இனி, விண்ணப்பத்துக்கு வருவோம். பெரும்பாலான இல்லங்கள் கேட்பவை ஒரே தன்மையன. ஆராய்ச்சித் திட்டத்தைக் கூறும் சில பக்கக் கட்டுரை, விண்ணப்பிப்பவரின் கல்வி வரலாறும் வெளியீடுகளும், அவரை அறிந்த பேராசிரியர் இருவர் அல்லது மூவரின் சிபாரிசுக் கடிதங்கள், சில இடங்களில் முன்னே எழுதிய கட்டுரையொன்று. தபாற் கந்தோரில் முத்திரை ஒட்டி அனுப்பிய காலம் போய், இன்று யாவும் இணையவழியே அனுப்பப்படுகின்றன. இவற்றுள் உயிரானது அந்தச் சில பக்கத் திட்டக் கட்டுரை. பலர் இடறுவதும் அங்கேதான்.

என்னிடம் உயர்தர வகுப்பிற் படித்த மாணவி ஒருத்தி, பின்னர் வெளிநாட்டிற் கலைவரலாற்றிலே கலாநிதிப் பட்டம் பெற்று, இப்போது தற்காலிக விரிவுரையாளராய் இருக்கின்றாள். அவள் எடுத்துக்கொண்ட பொருள் நம் நாட்டோடு தொடர்புடையது. பதினாறாம் நூற்றாண்டிலே கோட்டை இராச்சியத்தின் தந்தச் சிற்பிகள் செதுக்கிய பேழைகள் சில போர்த்துக்கேய அரச குடும்பத்துக்குச் சென்று, இன்று ஐரோப்பிய அரும்பொருட்சாலைகளில் இருக்கின்றன. புவனேகபாகு மன்னனின் பேரன் தர்மபாலனுடைய பொன்னுருவத்துக்குப் போர்த்துக்கல் அரசன் முடிசூட்டும் காட்சியைக் காட்டும் பேழை மியூனிக் நகரிலே இருக்கின்றது. இலண்டனிலுள்ள மற்றொன்றிலே ஓர் அதிசயம்! நியூரன்பேர்க் நகரத்து அல்பிரெக்ட் டியூரர் 1514இற் செதுக்கி அச்சிட்ட பை ஊதுகுழற்காரன் உருவம் அந்தப் பேழையின் ஒரு பக்கத்தில் நிற்கின்றது. ஜேர்மன் நாட்டுத் தாளொன்று கோட்டைச் சிற்பியின் பட்டறைக்கு எவ்வாறு வந்தது? யார் கொண்டு வந்தார்? சிற்பி அதனிற் கொண்டது எது, மாற்றியது எது?

இத்துணைச் சுவையான பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முதலில் எழுதிய வரைவு, கலை மனித குலத்தின் பொதுச்சொத்து என்று தொடங்கிற்று. கீழைத்தேயமும் மேலைத்தேயமும் கலந்த கதை என ஒன்றரைப் பக்கம் ஓடிற்று. ஊதுகுழற்காரன் மூன்றாம் பக்கத்திலேதான் தலைகாட்டினான். “பிள்ளை, அவனை வாசலிலே கொண்டுவந்து நிறுத்து. மற்றவர்கள் பிறகு வரட்டும்” என்று எழுதி அனுப்பினேன். தெரிவுக் குழுவிலிருப்போர் பல துறையினர். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படிப்பவர்கள். கலையின் பெருமையை அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விடை தெரியாத ஒரு கேள்வி, அது ஏன் இதுவரை தீரவில்லை, எந்தச் சான்றைக் கொண்டு நீர் தீர்க்கப் போகிறீர், ஓராண்டில் எவ்வளவு முடியும்? இவையே அவர்கள் தேடுவன.

இன்னுமொன்று உண்டு. இந்தப் பொருளுக்கு இந்த வீடுதான் வேண்டும் என்பதும் திட்டத்திலே தெரிய வேண்டும். ஈ தாத்தியின் எல்லை இத்தாலிய மறுமலர்ச்சிக் காலம். பதினான்காம் நூற்றாண்டு முதற் பதினேழாம் நூற்றாண்டு வரை. இத்தாலிக்கும் ஆசிய, ஆபிரிக்க நாடுகளுக்கும் இருந்த தொடர்பை ஆராய்வோரையும் அவர்கள் ஏற்கின்றனர். ஆனால் கோட்டைத் தந்தப் பேழையும் ஜேர்மன் அச்சுப்படமும் போர்த்துக்கேய அரசனும் சேர்ந்த கதையில் இத்தாலி எங்கே? வலிந்து புகுத்தினால் அது ஒட்டுமாங்கன்றுபோற் பிழைக்காது. ஒட்டுப்போட்ட சட்டைபோற் பல்லிளிக்கும். பேழையே இருக்கும் இலண்டனிலோ, பல பண்பாடுகளின் கலைத்தொடர்பை ஆராயும் வேறொரு நிலையத்திலோ அவள் கதவைத் தட்டுவதே முறை. புகழ் பெற்ற வீடு என்பதற்காகத் தமக்குப் பொருந்தாத வீட்டின் படியேறுவோர் பலர். வீடு பார்த்துப் பெண் கொடுக்கும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுமா?

மொழியையும் மறத்தலாகாது. புளோரன்சின் அரச சுவடிக்கூடத்துக்குப் போகிறேன் என்று எழுதுபவர் இத்தாலிய மொழி அறிந்திருந்தால் மாத்திரம் போதாது. அக்காலத்துக் கையெழுத்தையும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். புளோரன்சுக்கு அருகேயுள்ள பிராத்தோ நகரிலே 1410இல் இறந்த தத்தீனி என்னும் ஒரு வணிகரின் கடிதங்கள் மட்டும் ஏறத்தாழ 1,50,000 இருக்கின்றன. அவர் ஓவியர்க்குக் கொடுத்த கூலியும், அதுபற்றிய சச்சரவும் அவற்றுட் கிடக்கின்றன. நம்முடைய பழைய உறுதி எழுத்தை வாசிக்கப் பயின்றவரே அதன் அருமையை அறிவர்.

சிபாரிசுக் கடிதத்துக்குப் பெரிய பெயரைத் தேடி ஓடுவதும் வீண். விண்ணப்பதாரரின் ஆராய்ச்சியை நன்கறிந்த ஆசிரியர் எழுதும் ஒரு பக்கம், அவரை ஒருநாட் கண்ட பேரறிஞர் எழுதும் நான்கு வரியினும் மேலானது. அவருக்குத் திட்டத்தின் பிரதியைக் கொடுத்து, ஒரு மாத அவகாசமேனும் அளித்தல் வேண்டும். முடிவுத் திகதிக்கு முதல்நாள் இரவு ஆசிரியரை எழுப்பும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு.

தந்தையாரின் கேள்வி

அந்த மாணவியின் தந்தையார் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். அவர் ஒருநாள் என்னிடம் வந்து, “மாஸ்ரர், கலாநிதிப் பட்டமும் எடுத்தாயிற்று. இனியும் படிப்பா? இருக்கிற தற்காலிக வேலையும் போய்விட்டால் என்ன செய்வது?” என்று கேட்டார். அவர் கேள்வியை நான் இலேசாய் எண்ணவில்லை. இருபது வருடம் மகளுக்காகச் சிக்கனம் பிடித்த மனிதர் அவர். ஒரு வருடம் போய் வந்தபின் அவளுக்காக யாரும் நாற்காலி போட்டு வைத்திருக்கப் போவதில்லை. நிரந்தர விரிவுரையாளர்க்கு விடுமுறை கிடைக்கலாம். தற்காலிகமானவர்க்கு அதற்கு உறுதியில்லை.

அவருக்கு நான் சொன்னது இது. “ஐயா, இது படிப்பன்று, ஓராண்டுக்கான வேலை. படிக்கும் பிள்ளைக்கு நாம் பணம் அனுப்புவோம். இங்கே அவர்கள் அவளுக்குப் பணம் கொடுக்கிறார்கள். அவள் எழுதிய ஆராய்ச்சி இன்னும் நூலாகவில்லை. வாரத்துக்குப் பதினெட்டு மணித்தியாலம் கற்பித்துக்கொண்டு அதனை அவள் நூலாக்க மாட்டாள். நூல் இல்லாமல் நிரந்தர வேலைக்கு வரிசையில் நின்றால் அவளுக்குப் பின்னே நிற்பவர் முந்திவிடுவர்.” அவர் தலையசைத்தார். ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். “திரும்பி வந்த பிறகு?” என்று மறுபடியும் கேட்டார். அதற்கு உறுதியான விடை என்னிடம் இல்லை. இருப்பதாக நடிக்கவும் இல்லை. அவர் போகும்போது, அந்தத் தந்தப் பேழையின் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். ஊதுகுழற்காரனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்மவர் கலைவரலாற்றுக்குப் புதியவர் அல்லர் என்பதையும் அவருக்கு நினைவூட்டினேன். 1877இற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி முதலிலே மண்ணியல் விஞ்ஞானி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவர். கல்லைத் தேடிக் கிராமங்களில் அலைந்தவர் அங்கே கைவினைஞரைக் கண்டார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது. 1917இற் பொஸ்டன் நுண்கலை அரும்பொருட்சாலையிற் பதவி ஏற்றார். பெரன்சன் வளர்ந்த அதே நகரம்! இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத்துறையிலே கலைவரலாறு தமிழிற் கற்பிக்கப்படுகின்றது. அங்கே பயில்வோர் தங்கள் பட்டத்தோடு ஆங்கிலத்தையும், மேலும் ஓர் ஐரோப்பிய மொழியையும் இளமையிலேயே தொடங்கிவிட்டால் பத்தாண்டு கழித்து இத்தகைய வீடுகளின் வாசலில் நிற்கத் தகுதி பெறுவர். பத்தாண்டு என்றதும் மலைக்க வேண்டாம். வைத்திய நிபுணராவதற்கும் அவ்வளவு காலம் செல்கின்றது.

மறுப்பு வந்தால்

மறுப்பு வருவதே பெரும்பான்மை. பதினைந்து இடங்களுக்கு விண்ணப்பிப்போர் அதனிலும் பன்மடங்கினர். 1666இல் உரோமாபுரியிலே பிரெஞ்சு அரசு தொடங்கிய கலைக்கழகம் இவ்வகை இல்லங்களுக்கெல்லாம் மூத்தது. அங்கே தங்கும் உரிமையைத் தரும் உரோமைப் பரிசுக்குப் பலமுறை போட்டியிட்டும் இசைமேதை ரவெல் பெறவில்லை. 1905இல் இறுதிச் சுற்றுக்கே அவரை எடுக்காதபோது பாரிசிற் பெருங் கூச்சல் எழுந்தது. பரிசு பெற்ற ஓவியர் அங்கிரே, 1801இல் வென்றும், அரசிடம் பணமில்லாமையால் 1806 வரை காத்திருந்தே உரோமாபுரி சென்றார். தெபூசிக்கு இடம் கிடைத்தது; அவருக்கோ அந்த மாளிகை சிறையாய்க் கசந்தது.

மறுத்த குழு காரணம் சொல்வது அரிது. அடுத்த ஆண்டு அதே திட்டத்தைத் திருத்தி அனுப்புவதைப் பெரும்பாலான இல்லங்கள் தடுப்பதில்லை. இரண்டாம், மூன்றாம் முறையில் இடம் பெற்றவர் பலர். ஆனால் திகதியை மட்டும் மாற்றி அனுப்புவது திருத்தமாகாது. இடையிலே ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும், அல்லது புதிய சான்றொன்று கையில் இருக்க வேண்டும்.

ஈ தாத்தி உட்படப் பல இல்லங்களுக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய காலம் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள். முடிவு அடுத்த ஆண்டின் முற்பகுதியில் வரும்; பயணம் அதன்பின் செப்டெம்பரில். விசாவுக்கு அலைவதற்கும் அந்த இடைக்காலத்திலே நாள் ஒதுக்க வேண்டும். என் மாணவியின் திட்டக் கட்டுரை இப்போது நான்காம் வரைவில் இருக்கின்றது. முதல் வரியிலேயே ஊதுகுழற்காரன் நிற்கின்றான்.